போர்டு வீட்டை யார் மாற்றிக்கொள்ளலாம்?

அரசு ஊழியர்களிடம் 'மியூச்சுவல்' என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. நீ என் ஊருக்கு வா, நான் உன் ஊருக்குப் போகிறேன் என்று இரண்டு பேர் சேர்ந்து மனுப் போட்டால் அது மியூச்சுவல் டிரான்ஸ்பர். குவார்ட்டர்ஸிலும் இது உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1963ஆம் ஆண்டுக் குடியிருப்பு ஒதுக்கீட்டு விதிகளிலேயே, ஒரே வகை வீட்டில் இருக்கும் இருவர் அனுமதி பெற்று வீடுகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள இடம் இருந்தது. மாடியில் இருப்பவருக்கு மூட்டுவலி, கீழே இருப்பவருக்குக் காற்று வரவில்லை. ஒரு விண்ணப்பம், இரண்டு கையெழுத்து, வேலை முடிந்தது.

இதே தேவை, குடிசை மாற்று வாரிய வீட்டில் இருக்கும் ஓர் உப்பளத் தொழிலாளிக்கு வந்தால் வழி இல்லை. வாரியம் தரும் ஒதுக்கீட்டு ஆணை, வீட்டை விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, வேறொருவருக்குக் கைமாற்றக் கூடாது என்கிறது. தரகர் ஒருவர் நான்கு வீடுகளை வளைத்துப் போடுவதும், இரண்டு ஏழைக் குடும்பங்கள் மாடியையும் தரையையும் மாற்றிக்கொள்வதும் அந்த ஆணைக்கு ஒரே குற்றம்தான். (1970இல் தொடங்கிய வாரியத்தின் பெயரிலாவது 'மாற்று' என்ற சொல் இருந்தது. 2021இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆனபோது அதுவும் போய்விட்டது.)

வீடு குலுக்கலில் கிடைக்கிறது. குலுக்கலை நான் குறை சொல்ல மாட்டேன். சிபாரிசு, லஞ்சம், சாதி மூன்றையும் ஓரளவுக்காவது வெளியே நிறுத்துகிற முறை அது. ஆனால் சீட்டை எடுக்கும் கைக்கு யாருடைய முழங்காலும் தெரியாது. முப்பது வருடம் உப்புநீரில் நின்று பாதம் வெடித்துப்போன ஆச்சிக்கு மூன்றாவது மாடி விழுகிறது. விடியுமுன்னே வலையையும் இஞ்சினையும் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போக வேண்டிய மீனவருக்கு, கரையிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் கடைசி பிளாக் விழுகிறது. சென்னைப் பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அங்கே லிப்ட் நின்றுபோன நாட்களில் வயதானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் என்ன பாடு பட்டார்கள் என்பது செய்திகளில் வந்ததுதான்.

ஆகவே மக்கள் மாற்றிக்கொள்கிறார்கள். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி, பாத்திரங்களை இறக்கி ஏற்றிக்கொள்கிறார்கள். என் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தூத்துக்குடிப் பகுதி வாரியக் குடியிருப்புகளுக்கும், மாவட்டத்தின் சில சமத்துவபுரங்களுக்கும் போய்வருகிறேன். அப்படிப்பட்ட பத்திரங்களைத் தலையணை உறைக்குள்ளிருந்தும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். சட்டப்படி அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஒதுக்கீட்டு ஆணை ஒருவர் பெயரில், மின் இணைப்பு இன்னொருவர் பெயரில், ரேஷன் கார்டு பழைய முகவரியில். கணக்கெடுக்க ஆள் வரும்போது "இங்கே இருக்கவேண்டியது நீ இல்லையே" என்கிறார்கள். மாற்றிக்கொண்டவர்களில் ஒருவர் இறந்துபோனால் அவருடைய பிள்ளைகள் வந்து பழைய வீட்டைக் கேட்கிறார்கள். தவணை கட்டி முடித்து நாளைக்குக் கிரையப் பத்திரம் வந்தால் அது ஆணையில் பெயர் உள்ளவருக்குத்தான் போகும்.

இதுவரை படித்தவர்கள், இவர்கள் மாற்றிக்கொள்ள அரசு அனுமதித்துவிட்டால் என்ன என்று நினைப்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் அதைக் கேட்பதற்கு முன்னால் ஒரு தடவை சமத்துவபுரத்துக்குள் போய்வர வேண்டும்.

1995 ஆகஸ்ட் 31 அன்று இந்த மாவட்டத்தின் ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கொடியங்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். தலித்துகள் மட்டுமே வாழ்ந்த ஊர் அது. வளைகுடா நாடுகளில் உழைத்துச் சம்பாதித்த பணத்தில் கட்டிய வீடுகளையும், வாங்கிய பொருட்களையும் தேடித் தேடி உடைத்தார்கள். தலித் ஒருவர் நல்ல வீட்டில் இருப்பதே ஆத்திரத்தைக் கிளப்பும் என்பதை அரசு எந்திரமே நடத்திக் காட்டிய நாள் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1997இல், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தார்கள். சுந்தரலிங்கம் இதே ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கவர்னகிரிக்காரர். ஒரு தலித்தின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று தென்மாவட்டங்களில் கலவரம் நடந்தது. கலவரக்காரர்களைக் கேள்வி கேட்பதற்குப் பதிலாக, எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. அதுவரை 'வ.உ.சிதம்பரனார் மாவட்டம்' என்றிருந்தது தூத்துக்குடி மாவட்டம் ஆனது அப்போதுதான்.

இந்தக் கலவரங்களின் நிழலில்தான் பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டம் வந்தது. முதலாவது, மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 100 வீடுகள்: தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. வாசலில் பெரியார் சிலை. இன்று மாநிலம் முழுக்க இருநூறுக்கும் மேல் இருக்கின்றன. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று ஆயிரம் வருடமாகப் பிரித்து வைத்த வரைபடத்தின் மேல் அரசு தன் கையால் வேறொரு வரைபடம் போட்டுப் பார்த்த திட்டம் அது. அதன் உயிரே யாருக்குப் பக்கத்தில் யார் என்பதில்தான் இருக்கிறது. நூறு வீடு கட்டுவது பெரிய விஷயமில்லை. எந்தக் காண்டிராக்டரும் கட்டுவார்.

நான் போய்வரும் ஒரு சமத்துவபுரத்தில் இப்போது அந்த வரைபடம் இல்லை. குலுக்கலில் கலந்து விழுந்த வீடுகள், இருபது வருடத்தில் ஒவ்வொன்றாகக் கைமாறி, சாதிக்கொரு வரிசையாகப் பிரிந்துவிட்டன. மெயின் ரோட்டைப் பார்த்த வரிசை ஒரு சாதிக்கு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் வரிசை தலித்துகளுக்கு. நடுவில் சுவர் எதுவும் கிடையாது, ஆனால் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் எல்லை எங்கே என்று சொல்லும். எப்படி நடந்தது என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். "சண்டை சச்சரவு ஒண்ணும் கெடையாது தம்பி. அவிய ஆளுக அங்கிட்டு இருக்காவ, நம்ம ஆளுக இங்கிட்டு இருக்கோம். ஒரு வசதிக்கு மாத்திக்கிட்டோம்" என்றார்.

வசதி என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்றாவது மாடி ஆச்சி சொல்வதும் அதே சொல்தான். ஆனால் இந்த வசதிக்கு வழியெல்லாம் தானாகத் திறந்திருக்கிறது. இடம் மாறும் குடும்பத்துக்குச் சாதிச் சங்கத்தில் ஒருவர் பணம் கொடுத்து உதவுகிறார், ஊர்ப் பெரியவர் ஜாமீன் நிற்கிறார், மாறியதை எழுதிக் கேட்க அதிகாரி யாரும் வரவில்லை. போக மறுத்த தலித் வீட்டின் கதை கொஞ்சம் வேறு. குழாயடியில் பேச்சு, பிள்ளைகள் பந்து வீட்டுக்குள் விழுந்ததற்கு வழக்கு, வாசலில் கொட்டப்படும் குப்பை. இரண்டு வருடத்தில் அவர்களே "அந்தப் பக்கம் ஒரு வீடு இருந்தால் சொல்லுங்கள்" என்கிறார்கள். பத்திரத்தில் 'இரு தரப்பும் மனமொப்பி' என்று எழுதப்படுகிறது.

கைமாற்றத் தடை என்பது தாளில் எல்லோருக்கும் ஒன்றுதான். நடைமுறையில் அது யாரைத் தடுக்கிறது? ஆதரவுக்கு ஆளில்லாத ஆச்சியைத் தடுக்கிறது. சாதியோடு வந்தவரைத் தடுக்கவில்லை. எனவே "அனுமதித்தால் சாதி வாரியாகப் பிரிந்துவிடுவார்கள், அதனால் அனுமதிக்கவே வேண்டாம்" என்று நம் தோழர்களில் சிலர் சொல்லும் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பிரிவதெல்லாம் அனுமதி இல்லாமலேயே நடந்துகொண்டிருக்கிறது.

இதில் நாம் தயங்கித் தாண்டிப் போகும் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு தலித் குடும்பம் தன் சொந்தக்காரர்களுக்குப் பக்கத்தில் போக விரும்பினால் அதுவும் சாதிதானா? அண்ணல் அம்பேத்கரே 1947இல் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், பட்டியல் சாதியினருக்குத் தனிக் கிராமங்கள் அமைக்க ஒரு குடியமர்வு ஆணையம் வேண்டும் என்று கேட்டவர். ஊரின் தயவில் சேரி இருக்கும்வரை தீண்டாமை போகாது என்பது அவர் வாதம். கலந்து வாழ்வதைத் தன்னளவில் புனிதமான ஒன்றாக அவர் பார்க்கவில்லை. யாருடைய கையில் நிலமும் பாதுகாப்பும் இருக்கிறது என்று பார்த்தார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அப்படி ஒரு தெருவில் இருக்கும் குடும்பத்திடம் போய், கலப்புக் குடியிருப்பின் அருமையைப் பற்றி வகுப்பு எடுக்க எனக்கு வாய் வராது.

பக்கத்தில் தலித் இருக்கிறார் என்று இடம் மாறுவதும், பக்கத்தில் இருப்பவர் தலித் என்பதற்காகத் தன்னை வதைக்கிறார் என்று இடம் மாறுவதும் பத்திரத்தில் ஒரே வாக்கியமாகத்தான் எழுதப்படும். சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

நம் சட்டம் இதுவரை எப்படிப் பார்த்திருக்கிறது? 1917இல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாட்களில் தடியோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், உறுப்பினராகப் பார்சிகளை மட்டும் சேர்க்கும் துணைவிதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சமூகத்தார் கூடித் தமக்குள் மட்டும் வீடு வைத்துக்கொள்ளலாம் என்று ஆனபிறகு, தனியார் வீட்டுச் சந்தையில் எதை எதிர்பார்ப்பது? 'வெஜ் மட்டும்' என்று போர்டு போட்டு வாடகைக்கு விடும் சென்னை வீடுகளை உங்களில் பலர் தேடி அலைந்திருப்பீர்கள். அதனால்தான் அரசு வீடு முக்கியமாகிறது. அங்கே வீட்டு உரிமையாளர் அரசு. பதினைந்தாவது, பதினேழாவது சட்டக்கூறுகள் நேரடியாகக் கட்டுப்படுத்தும் வீட்டு உரிமையாளர்.

இங்கிலாந்தில் கவுன்சில் வீடுகளில் குடியிருப்போருக்கு வீட்டை மாற்றிக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. 1985ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 92வது பிரிவு. விண்ணப்பித்த 42 நாட்களுக்குள் கவுன்சில் பதில் சொல்ல வேண்டும். எந்தெந்தக் காரணங்களுக்காக மறுக்கலாம் என்பது சட்டத்தின் அட்டவணையில் வரிசையாக இருக்கிறது: குடும்பத்துக்கு வீடு மிகப் பெரிது, மாற்றுத்திறனாளிக்கென்று கட்டிய வீடு என்பதுபோல. அந்தப் பட்டியலுக்கு வெளியே அதிகாரி புதுக் காரணம் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது இன்னொன்று. மாற்றிக்கொள்ளும்போது பணம் கைமாறினால் அதுவே வீட்டைத் திரும்ப எடுக்கக் காரணம். தேவை இருப்பவர்கள் மாற்றிக்கொள்ளட்டும், வீடு சந்தைக்குப் போக வேண்டாம் என்ற கோட்டை அவர்களால் போட முடிந்திருக்கிறது.

சிங்கப்பூர் வேறு மாதிரி. 1989 முதல் அங்கே வீட்டுவசதி வாரியக் கட்டடம் ஒவ்வொன்றிலும் இன வாரியாக உச்சவரம்பு உண்டு. இன்றைக்கு ஒரு பிளாக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவர்களும் 15. கேட்கும்போது சமத்துவபுரம் போலத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டை விற்கப் போகும் தமிழரைக் கேட்டுப் பாருங்கள். சீனர் வரம்பு நிறைந்த பிளாக்கில் அவர் சீனருக்கு விற்க முடியாது. வாங்கப் போவது மிகச் சிறிய ஒரு கூட்டம், ஆகவே விலை இறங்கும், நாட்கள் இழுக்கும். இந்த நெருக்கடியைத் தணிக்க 2022இல் வாரியமே சில வீடுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வர வேண்டியிருந்தது. கலந்து வாழ்வதற்கான செலவைச் சிறுபான்மையினரின் தலையில் ஏற்றிவிட்டார்கள். சமத்துவபுரத்திலும் செலவை ஏற்பது தலித் குடும்பங்கள்தான், குழாயடியிலும் வாசல் குப்பையிலும்.

வெறும் ஒதுக்கீட்டுக் கணக்கை வைத்து இதைத் தீர்த்துவிட முடியாது என்பதற்கு முத்துக்குளித்துறைக் கரையே சாட்சி. மணப்பாட்டிலிருந்து தருவைகுளம் வரை கிறிஸ்தவர்கள் நிறைந்த கரை இது. தலித்தாக இருந்து கிறிஸ்தவரான குடும்பம், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதி அல்ல. தமிழ்நாட்டுப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோர். சமத்துவபுரக் கணக்கில் அவர்கள் 40க்குள் வர மாட்டார்கள், 25க்குள் வருவார்கள். சான்றிதழுக்குச் சான்றிதழ் சரியாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று நாளைக்கு ஒரு விதி வந்தால், தெருவில் தலித்தாக நடத்தப்படும் ஒரு தலித் கிறிஸ்தவக் குடும்பத்தை 'பி.சி.க்கு பி.சி.' என்று சொல்லி முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு நகர்த்திவிடலாம். கணக்கு அப்போதும் கச்சிதமாக இருக்கும்.

வேண்டியது என்னவென்று சொல்லிவிடுகிறேன். வாரிய வீடுகளில் மாற்றிக்கொள்ளும் உரிமை வேண்டும். உடல்நலம், வேலைக்குப் போகும் தூரம், குடும்பத்தின் அளவு என்று காரணம் எழுதி, இரண்டு குடும்பங்களும் சேர்ந்து மனுக் கொடுத்தால், குறித்த நாட்களுக்குள் பதில் வர வேண்டும். மறுத்தால் ஏன் என்று எழுத்தில் வர வேண்டும். மாற்றம் ஒதுக்கீட்டு ஆணையிலேயே பதிவாக வேண்டும். அப்போதுதான் நாளைக்குக் கிரையப் பத்திரம் வீட்டில் இருப்பவருக்கு வரும். பணம் கைமாறினால் இருவருக்கும் ரத்து.

சமத்துவபுரத்தில் இதோடு இன்னொன்று சேர வேண்டும். மாறிய பிறகு அந்த வரிசையில் யாருக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று பார்த்துத்தான் அனுமதி தர வேண்டும். ஒரு சாதி வரிசையை உருவாக்கும் மாற்றத்துக்கு அனுமதி இல்லை. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: சாதித் தொல்லையால் மாற வேண்டியிருக்கிறது என்று தலித் குடும்பம், கிறிஸ்தவரோ இந்துவோ, எழுதிக் கொடுத்தால் உடனே இடம் தர வேண்டும். எப்.ஐ.ஆர். கொண்டுவா என்று கேட்கக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு எப்.ஐ.ஆர். போட வைப்பதற்கு எத்தனை நாள் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும் என்பது இதைப் படிக்கிற பலருக்குத் தெரியும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தொல்லை கொடுத்தவர் விரும்பியதும் அந்தக் குடும்பம் போக வேண்டும் என்பதுதானே? நாம் மாற்றம் கொடுத்தால் அவர் ஜெயித்துவிடுகிறார். காலியான வீட்டில் இன்னொரு தலித் குடும்பத்தை வைக்கலாம் என்றால், அதே நெருப்பில் வேறு யாரையோ இறக்குகிறோம். நான் பேசிய பெண்களில் ஒருவர் இதற்கு நேரடியாகவே பதில் சொன்னார்: "நாங்க ஏன் போவணும்? அவியளப் போகச் சொல்லுங்க."

அதுதான் சரி. வாடகைக்கு விட்டால் ஒதுக்கீட்டை ரத்து செய்வேன் என்று சொல்லும் அரசு, பக்கத்து வீட்டாரைச் சாதி சொல்லி வதைத்தால் ரத்து செய்வேன் என்றும் சொல்லலாம். வீட்டு உரிமையாளராக அந்த அதிகாரம் அதற்கு இருக்கிறது. இங்கிலாந்துச் சட்டத்திலும் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை கொடுப்பது வீட்டை இழக்கக் காரணம்தான். நான் கையில் வாங்கிப் பார்த்த ஒதுக்கீட்டு ஆணைகளில் விற்பனை, வாடகை, கூடுதல் கட்டுமானம் எல்லாவற்றுக்கும் நிபந்தனை இருந்தது. சாதித் தொல்லையைப் பற்றி ஒரு வரி இல்லை, வாசலில் பெரியார் நிற்கும் குடியிருப்பிலும் இல்லை.

2021க்குப் பிறகு சமத்துவபுர வீடுகளைப் பழுதுபார்க்க அரசு நிதி ஒதுக்கியது. ஓட்டையும் சுவரையும் அளக்க வந்தவர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, ஆணையை வாங்கிப் பார்த்து, இருப்பவர் யார் என்று குறித்துக்கொண்டு போனார்கள். எந்த வீடு யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற கணக்கு இப்போது ஊரக வளர்ச்சித் துறையின் கையில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை வெளியிடச் சொல்லித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், பெயர்கள் வேண்டாம், எந்த வரிசையில் எந்தப் பிரிவு என்ற விவரம் மட்டும் போதும். கோரம்பள்ளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மனு வாங்குகிறார்கள். ஆச்சியின் மூன்றாவது மாடி மனு அங்கே ஏற்கெனவே இரண்டு தடவை போயிருக்கிறது.